கிண்ணமும் பேணியும்

எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்படிக்கு வலப்புறமாக, வாய் சிறுத்த மண்பானையொன்று எப்போதும் இருந்தது. நாள்தோறும் அரிசி களைவதற்கு முன்னர், அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை அள்ளி அம்மா அப்பானையில் இடுவார். பிடியரிசிப் பானை என்பது அதன் பெயர். மாதக் கடைசியில் அந்த அரிசி ஓலைப்பெட்டியிற் கொட்டப்பட்டுத் தேவாலயத்துக்குப் போகும். அங்கே அதை விற்று, வந்த பணத்தைச் சபையின் ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் செலவிடுவார்கள். யாழ்ப்பாணத்துச் சீர்திருத்த சபைக் குடும்பங்கள் பலவற்றில் இவ்வழக்கம் இருந்ததைப் பழையவர்கள் அறிவர். காய்ச்சலாய்க் கிடந்த நாட்களிலும் அம்மா, “பிடியரிசி போட்டாச்சோ?” என்று படுக்கையிலிருந்தபடியே கேட்பார். கையிருப்புக் குறைந்த நாட்களில் பிடி சிறுத்ததேயன்றிப் பானை வெறுமையாய்க் கிடந்ததில்லை.

இப்பிடியரிசி ஒரு சடங்கா, அல்லது ஒரு நற்செயலா? சிறுவயதில் இக்கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. இன்று, எண்பதை அண்மித்துவிட்ட வயதில், சமயச் சடங்குகள் வீண், நற்கிரியையே போதும் என்று எவரேனும் மேடையேறி முழங்கக் கேட்கும்போதெல்லாம், அந்தப் பானை என் கண்முன் வருகிறது. அதன் பின்னாலேயே எங்கள் கிணற்றடியும் வருகிறது. பானையை நினைப்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. கிணற்றடியைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை.

சடங்கு என்ற சொல்லையே ஐயா விரும்புவதில்லை. அது அயல்வீட்டுச் சைவரிடமும், கடற்கரையோரத்துக் கத்தோலிக்கரிடமும் உள்ள பொருள் என்பது அவருடைய எண்ணம். எங்களிடம் இருந்தது ஆராதனை. ஆனால் எங்கள் வீட்டு ஓய்வுநாளைப் போலக் கண்டிப்பான சடங்கை நான் வேறெங்கும் கண்டதில்லை. சனிக்கிழமை பொழுதுபடுமுன் விறகு கொத்தி அடுக்கப்படும்; மறுநாளைக்கான காய்கறி அரிந்து மூடப்படும்; தோட்டத்து இறைப்பு நின்றுவிடும். மிளகாய்க் கன்று வெயிலில் வாடித் தலைசாய்ந்தாலும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் துலா அசையாது.

ஐயா சபையில் மூப்பர். திருவிருந்துக்கு முந்திய சனிக்கிழமை நடக்கும் ஆயத்தக் கூட்டத்துக்குப் போய்வந்தால் அன்றிரவு அதிகம் பேசமாட்டார். பீடத்திலே காணிக்கை வைக்க வருபவன் முதலில் தன் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்று மலைப்பிரசங்கத்தில் வருவதை அவர் எழுத்துப்படியே எடுத்துக்கொண்டவர். வேலி எல்லைத் தகராறினால் இரண்டு ஆண்டுகள் பேச்சற்றிருந்த அயலவர் ஒருவரிடம், இரவு ஒன்பது மணிக்கு அரிக்கன் லாம்புடன் போய், ஒரு முழ அகலத் துண்டு நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தார். அயலவர் திகைத்துப்போய், ஏன் இந்த நேரத்தில் என்று கேட்டாராம். நாளைக்கு எங்களுக்குத் திருவிருந்து என்று ஐயா பதில் சொன்னாராம். சடங்கு மனிதனைக் கெடுக்கும் என்று சொல்வோருக்கு இதை நான் சொல்வதுண்டு. அந்தச் சடங்கு இல்லாதிருந்தால் அவ்வேலி அங்கேயே நின்றிருக்கும், பகையும் நின்றிருக்கும்.

இனிக் கிணற்றடிக்கு வருகிறேன்.

கிணற்றுக்கட்டின்மேல் பித்தளை மூக்குப்பேணி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். யாழ்ப்பாணத்தாருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இன்றைய மாணவர்களுக்காகச் சொல்கிறேன். வாய் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கென்றே, பக்கத்தில் ஒரு மூக்கு வைத்துச் செய்த பேணி அது. எச்சில் படலாகாது என்னும் ஒழுங்கை எங்கள் ஊர்க் கன்னார் பித்தளையிலேயே அடித்து வைத்துவிட்டார்கள் எனலாம். அம்மா பிறர் வீட்டில் மட்டுமன்றித் தம் வீட்டிலும் அண்ணாந்தே குடிப்பார். தம் பிள்ளைகள் வாய் வைத்த பாத்திரத்திலும் வாய் வையார். அவர் தம் வாழ்வில் உதடு பதித்துக் குடித்த பொதுப் பாத்திரம் ஒன்றே ஒன்றுதான். அது திருவிருந்துக் கிண்ணம்.

அந்தக் கிண்ணம் வெள்ளி முலாம் பூசியது. நாங்கள் பந்தி பந்தியாகப் பீடத்தின்முன் சென்று முழந்தாளிடுவோம். போதகர் கிண்ணத்தை ஒவ்வொருவர் வாயிலும் வைப்பார். வைத்தபின் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து அடுத்தவரிடம் போவார். அம்மா முழந்தாளில் நின்றபடி, துடைத்த விளிம்பில் உதடு பதித்துக் குடித்துத் தலையைக் குனிந்துகொள்வார். எனக்கு அப்போது அந்த வயது வரவில்லை, வாங்கிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

வாங்குகளில் நாங்கள் இருந்தோம். பின்னே, கதவோரம், பாய் விரித்துச் சிலர் இருந்தார்கள். முதற்பந்தியிலே எவர், கடைப்பந்தியிலே எவர் என்று யாரும் கட்டளையிட்டதில்லை. எழுதிய விதியும் இல்லை. பாயில் இருந்தவர்கள் கடைப்பந்தியில் வந்தார்கள், அவ்வளவுதான். ஒரே கிண்ணம், ஒரே அப்பம், ஒரே போதகர். ஐயா இதைப் பெருமையுடன் சொல்வார். கிண்ணம் ஒரு திசையில் மட்டுமே போனது என்பதை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. எங்கள் வாய் பட்டபின் அவர்களிடம் போனது. அவர்கள் வாய் பட்டபின் எங்களிடம் ஒருபோதும் வந்ததில்லை.

பாயில் இருந்தவர்களுள் ஒரு பெண்மணி எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர். என் அம்மாவிலும் பத்து வயது மூத்தவர். வேதாகமத்திலிருந்து எடுத்த அழகிய பெயர் அவருக்கு இருந்தது. அப்பெயரைச் சொல்லித்தான் நான் அவரை அழைத்தேன். பெயரோடு அக்கா என்றோ மாமி என்றோ சேர்த்ததில்லை. அவரை நான் ‘நீ’ என்றேன். பன்னிரண்டு வயதுப் பையனாகிய என்னை அவர் ‘நீங்கள்’ என்றார். இது எனக்கு வெயில் காய்வது போலவும் மழை பெய்வது போலவும் இயல்பாய் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் நடந்துபோகும் வழியில் எங்கள் வீடு இருந்தது. படலைக்குள் இரண்டடி வைத்து, பூவரச வேலியோரமாக நின்று, “தம்பி, கொஞ்சம் தண்ணி வாத்துவிடுங்கோ” என்பார். கிணற்றடிக்கு வரமாட்டார். நான் வாளியில் அள்ளி, செம்பில் மொண்டு கொண்டுபோவேன். அவர் குனிந்து இரு கைகளையும் சேர்த்து வாயருகே பிடிப்பார். நான் உயரத்திலிருந்து வார்ப்பேன். சிந்தாமல் வார்ப்பதில் எனக்குக் கெட்டித்தனம் உண்டு. போதும் என்பதற்கு அவர் தலையை அசைப்பார். ஓய்வுநாளில் நீர் இறைக்கலாகாது என்ற கட்டுப்பாட்டைத் தாகத்துக்காக ஐயா தளர்த்தியிருந்தார். அதுவும் ஒரு நற்செயலாகவே எங்களுக்குத் தோன்றியது.

1958ஆம் ஆண்டு ஓய்வுநாட் பாடசாலைப் பரிசளிப்பு நடந்தது. மத்தேயு சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தைப் பிழையின்றி ஒப்புவித்து முதற்பரிசு பெற்றேன். நீல மட்டையிட்ட புதிய ஏற்பாடு அப்பரிசு. அந்த அதிகாரத்தின் கடைசி வசனம், சிறியவர் ஒருவருக்குத் தண்ணீர் கொடுப்பவனுக்கு அதன் பலன் கிட்டாமற் போகாது என்பதைச் சொல்கிறது. தமிழ் வேதாகமத்தில் அவ்விடத்தில் கலசம் என்ற சொல் வரும். போதகர் அதை வைத்தே பிரசங்கமும் செய்தார்.

அன்று நண்பகல் வழக்கம்போல் அவர் படலையில் நின்றார். நான் செம்புடன் போனேன்.

“தம்பி இண்டைக்குச் சொன்னது வடிவாய் இருந்தது,” என்றார்.

“நான் ஒரு பிழையும் விடேல்லை.”

“ஓம், விடேல்லை. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்.” சற்று நின்றார். “கலசம் எண்டு சொன்னீங்கள். கலசம் எண்டால் என்ன, தம்பி?”

“அது தெரியாதோ உனக்கு? பேணி. தண்ணி குடிக்கிற பேணி.” சொல்லிக்கொண்டே, விளக்கத்துக்காக, கிணற்றுக்கட்டின்மேல் வெயிலில் மின்னிக்கொண்டிருந்த மூக்குப்பேணியைச் சுட்டிக்காட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். “அப்பிடியோ,” என்றார். பிறகு குனிந்து கைகளைச் சேர்த்தார். நான் வார்த்தேன்.

அவருடைய கேள்வியில் குத்தல் இருந்ததா, அல்லது எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் தெரியாத சொல்லுக்குப் பொருள் கேட்டதுதானா என்பதை நான் இன்றளவும் அறியேன். இரண்டாவதுதான் என்றால் என் வெட்கம் இன்னும் அதிகம். அந்நேரம் எனக்கு வெட்கம் எதுவும் வரவில்லை. புதிய ஏற்பாட்டின் மட்டையில் தண்ணீர் தெறித்துவிடுமோ என்ற கவலைதான் இருந்தது. வெட்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

அம்மா குசினி வாசலில் நின்று இதைக் கேட்டிருக்கிறார். அவர் மென்மையான உள்ளம் படைத்தவர். அவருக்கு ஏதோ தைத்திருக்க வேண்டும். அடுத்த கிழமை சந்தையிலிருந்து ஒரு தகரப் பேணி வாங்கிவந்து, அதன் காதில் கயிறு கோத்து, பூவரசங் கிளையில் தொங்கவிட்டார். “பாவம், இனிக் கையிலை குடிக்கத் தேவையில்லை,” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்திலிருந்த நிறைவு எனக்கு நினைவிருக்கிறது. ஒரு நற்செயல் செய்தவருடைய முகம் அது.

அந்தப் பெண்மணி இரண்டு ஞாயிறு அப்பேணியில் குடித்தார். மூன்றாம் ஞாயிறு வரவில்லை. வயல் வரம்பு வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கியிருந்தார். அவ்வழி வீடு சேரக் கால் மைல் கூடுதல். வழியில் கிணறும் இல்லை. தோட்ட வேலைக்கு வழமைபோல் வந்தார். தேவாலயத்திலும் பாயில் இருந்தார், கடைப்பந்தியில் வந்தார். எங்கள் வீட்டில் தண்ணீர் மட்டும் கேட்கவில்லை. ஏன் வருவதில்லை என்று அம்மா ஒருமுறை கேட்டபோது, “தாகமில்லை, அம்மா” என்று சொன்னாராம்.

நான் பின்னர் ஆசிரியப் பயிற்சி பெற்று, வேதாகமத்தையும் சபைச் சரித்திரத்தையும் ஓரளவு கற்றேன். சடங்குக்கும் நற்கிரியைக்கும் உள்ள வழக்கு எவ்வளவு பழையது என்பது அப்போது தெரிந்தது. ஆமோஸ் தீர்க்கதரிசி கிறிஸ்துவுக்கு 700 ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர். பண்டிகைகளையும் பாட்டையும் தேவன் வெறுக்கிறார், நீதி நதிபோல் ஓட வேண்டும் என்று அவர் முழங்கினார். ஏசாயாவின் 58ஆம் அதிகாரம், உபவாசத்தைப் பட்டினியாய்க் கிடப்பதிலிருந்து பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதாக மாற்றிவிடுகிறது. கிரியையற்ற விசுவாசம் செத்தது என்ற யாக்கோபின் நிருபம் லூதருக்குப் பிடிக்கவில்லை; 1522இல் அவர் வெளியிட்ட புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் அதை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். இவற்றையெல்லாம் சேர்த்து ‘விசுவாசமும் கிரியையும்’ என்று ஒரு கட்டுரை எழுதினேன். மாணவர் சஞ்சிகையில் வந்தது. போதகர் பாராட்டினார். ஐயா அதைக் கத்தரித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். அதில் எங்கள் கிணற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அக்கட்டுரையில் நான் விட்டுவிட்ட அதிகாரம் ஒன்று உண்டு. கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் அது. கி.பி. 50களில் எழுதப்பட்டது. அக்காலத்தில் திருவிருந்து உண்மையாகவே விருந்தாய் இருந்தது. சபையார் கூடி உண்டார்கள். கொரிந்துப் பட்டினத்தில், வசதி உள்ளவர்கள் தாங்கள் கொண்டுவந்ததைத் தாங்களே முந்தி உண்டு குடித்துவிட, இல்லாதவர்கள் அதே கூட்டத்தில் பசியோடு இருந்தார்கள். பவுலுக்கு வந்த கோபம் சாதாரணமானதன்று. நீங்கள் உண்பது கர்த்தருடைய விருந்தே அல்ல என்றார். ஆனால் கவனியுங்கள்: விருந்தை நிறுத்திவிட்டு நற்செயல் செய்யுங்கள் என்று அவர் சொல்லவில்லை. பின்னே நிற்பவர்களுக்குத் தனியே ஒரு பாத்திரத்தில் சோறு அனுப்புங்கள் என்றும் சொல்லவில்லை. மற்றவர் வரும்வரை காத்திருந்து கூடி உண்ணும்படி சொன்னார். நூறு ஆண்டுகளுக்குப் பின், ஏறத்தாழ கி.பி. 150இல், ரோமாபுரியில் வாழ்ந்த யுஸ்தீனு எனும் இரத்தசாட்சி கிறிஸ்தவரின் ஞாயிறு ஆராதனையை விவரிக்கிறார். அப்பமும் கிண்ணமும் பகிரப்பட்டபின், அனாதைகள், விதவைகள், நோயாளர், சிறைப்பட்டோர், அந்நியர் ஆகியோருக்காகக் காணிக்கை சேர்க்கப்பட்டதென்றும், வர இயலாதவர் வீட்டுக்கு அப்பம் கொண்டுபோகப்பட்டதென்றும் அவர் எழுதுகிறார். அங்கே சடங்கு எங்கே முடிகிறது, நற்செயல் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க என்னால் முடியவில்லை.

தமிழ்க் கிறிஸ்தவர் மத்தியில் அந்தக் கோடு வேறு விதமாகக் கிழிக்கப்பட்டது. தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை உடனே, முற்றாக ஒழிய வேண்டுமென்று கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்தார். சபையை விட்டுப் போனவர்கள் உண்டு. சாதியை விட்டவர்கள் சிலரே. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்திலே, கத்தோலிக்க தேவாலயத்தின் நடுவே மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. எங்கள் ஆலயத்தில் சுவர் இருக்கவில்லை. பாய் இருந்தது. பாயை இடிக்க முடியாது.

ஐயாவை நான் குறைத்துக் காட்டுவதாக வாசகர் எண்ணலாகாது. அப்பெண்மணியின் கணவரை ஓர் இரவு தோட்டத்தில் பாம்பு தீண்டியது. ஐயா தாமே வண்டில் பூட்டி, அவரைத் தம் மடியில் தலைவைத்துக் கிடத்தி மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விடியும்வரை வெளி விறாந்தையில் இருந்தார். மனிதர் பிழைத்தார். மருந்துச் செலவை ஐயா கூலியிற் பிடிக்கவில்லை. மடியில் தலைவைக்க விட்டவர், வீட்டுக்கு வந்தபின் அம்மனிதரைத் திண்ணையில் இருக்க விடவில்லை. இரண்டையும் செய்தவர் ஒரே ஆள். ஆபத்து வேறு, அன்றாடம் வேறு என்று அவர் கருதினார் போலும்.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஐயாவுக்கு அதை நிறுவியவர்மேல் பெரும் பக்தி. அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு மானிப்பாயில் வேலை தொடங்கினார். அவரை அனுப்பிய மிஷனுக்குள்ளேயே அப்போது ஒரு வழக்கு எழுந்தது. பாடசாலையும் கல்வியும் ஊழியத்துக்குத் தகுமா, பிரசங்கம் மட்டும் போதுமா என்பதே வழக்கு. 1823இல் தொடங்கிய புகழ்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி அதன் விளைவாக 1855இல் மூடப்பட்டது. கிறீன் வைத்தியத்தை விடவில்லை. அவர் செய்ததிலே எனக்குப் பெரிதாகத் தோன்றுவது சத்திரசிகிச்சையன்று. 1860களில் அவர் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கலானார். ‘இரணவைத்தியம்’ 1867இலும், ‘வைத்தியாகரம்’ 1872இலும் வெளிவந்தன. மாணாக்கர் ஆங்கிலம் கற்று மேலே ஏறிவரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை; தாம் அவர்களுடைய மொழிக்குள் இறங்கினார். 1873இல் ஊர் திரும்பி 1884இல் காலமானார். தம் கல்லறையில் தமிழருக்கு ஊழியஞ்செய்த வைத்தியர் என்றே எழுதவேண்டுமென விரும்பினார்.

(கிறீன் பிறந்த அதே 1822இல் நல்லூரிலே ஆறுமுகநாவலர் பிறந்தார். கிரியைகளைக் கண்டிப்புடன் காத்தவரான அவரே 1877இன் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்க ஏற்பாடு செய்தார். சடங்கைக் காப்பவர் கைகள் நற்செயலுக்கு நீளா என்போர் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.)

அப்பெண்மணி 1964இல் இறந்தார். சவப்பெட்டிச் செலவு முழுவதையும் ஐயா ஏற்றார். ஊர் மெச்சியது. அம்மா வெள்ளைச் சேலை ஒன்று கொடுத்தனுப்பினார். சபையின் சேமக்காலையில், ஆலயத்தில் போலவே, பின்புறமாக ஓர் இடத்தில் அடக்கம் செய்தோம். ஐயா ஜெபம் செய்தார். பரலோகத்தில் ஒரே பந்தியில் இருப்போம் என்று ஜெபத்தில் சொன்னார். அதை அவர் மனமார நம்பினார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. அது எங்கள் படலைக்கு வெளியேதான் நின்றது. 1966இல் தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் சம உரிமை கேட்டு யாழ்ப்பாணத்தில் போராட்டம் மூண்டது. 1968இல் மாவிட்டபுரத்து வாசலில் அது உச்சமடைந்தது. ஐயா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “கடையிலை தனிப் பேணி வைக்கிறாங்களாம். எங்கடை சபையிலை இது இல்லை. நாங்கள் ஒரே கிண்ணத்திலை குடிக்கிறனாங்கள்,” என்றார். நான் எதிரே இருந்தேன். எனக்கு அப்போது 20 வயதுக்கு மேல். வாதம் செய்யத் தெரியும். கொரிந்தியர் நிருபமும் தெரியும். பூவரசங் கிளையில் அந்தத் தகரப் பேணி துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஐயா இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அது தெரியும். “ஓம், ஐயா” என்றேன்.

ஐயா 1978இல் காலமானார். அதற்குள் ஆலயத்தில் பாய் போய்விட்டது. புதிதாய் வந்த இளம் போதகர் ஒருவர் ஒரு சனிக்கிழமை அதைச் சுருட்டி எடுத்துவிட்டு வாங்குகளை நெருக்கிப் போட்டார், யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு குடும்பங்கள் சில மாதம் வராமலிருந்து பிறகு வந்தன. அம்மா எதுவும் சொல்லவில்லை. முதற்பந்தியில் போவதை மட்டும் விடவில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவை வலிகாமத்தார் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்தது. அம்மாவுக்கு 76 வயது. சைக்கிளின் பின்னே அவரை இருத்தி உருட்டிக்கொண்டு சனத்தோடு சனமாக நடந்தேன். அவர் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டவை இரண்டு: ஐயாவின் வேதப்புத்தகம், பிடியரிசிப் பானையிலிருந்த அரிசி கட்டிய துணி முடிச்சு. செம்மணி வெளியில் மழை பிடித்துக்கொண்டது. முன்னும் பின்னும் நகர முடியாத கூட்டம். குழந்தைகளின் தாகத்துக்காகக் குடைகளை மலர்த்திப் பிடித்து மழைநீர் ஏந்தினார்கள். நாவற்குழிப் பாலம் தாண்டுவதற்குள் மறுநாள் பகலாகிவிட்டது. அம்மாவின் நாக்கு வறண்டு பேச்சுக் குழறியது.

கைதடிக்கு அண்மையில் ஒரு சிறு ஓலைவீடு. படலை திறந்து கிடந்தது. உள்ளே கிணற்றைச் சுற்றிச் சனம். ஒரு பெண், என் வயதிருக்கும், வாளியும் செம்புமாக நின்று வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் எவ்வூரார், எச்சமயத்தார், எக்குலத்தார் என்று எனக்குத் தெரியாது. எங்களையும் அவர் கேட்கவில்லை. செம்பு ஒன்றே இருந்தது. அது கைமாறி வாய்மாறிச் சுற்றிக்கொண்டிருந்தது. அது திரும்பி வரும்வரை பொறுக்க முடியாமல் நான் குனிந்து இரு கைகளையும் சேர்த்தேன். அப்பெண் வாளியைச் சரித்து வார்த்தார்.

அப்படிக் குடிக்கும்போது வார்ப்பவருடைய முகம் தெரியாது. கால்கள் மட்டுமே தெரியும். 49 வயதில் அன்றுதான் இதை அறிந்தேன். எங்கள் பூவரச வேலியோரம் எத்தனையோ ஞாயிறு அவர் பார்த்திருந்தது, புதுச் சப்பாத்துப் போட்ட என் கால்களைத்தான்.

நிமிர்ந்தபோது செம்பு வந்துவிட்டிருந்தது. “ஆச்சிக்கு முதல் குடுங்கோ,” என்றார் அப்பெண். அம்மா அதை வாங்கி, பழக்கப்படி அண்ணாந்தார். கழுத்து வளையவில்லை. தண்ணீர் கன்னத்தில் வழிந்து சட்டையை நனைத்தது, புரையேறி இருமினார். மறுமுறையும் முயன்றார், கை நடுங்கியது.

“வாய் வைச்சுக் குடியுங்கோ, ஆச்சி. பரவாயில்லை.”

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு செம்பைப் பார்த்தார். அதற்கு முன் எத்தனை பேர் வாய் பட்டதென்று அவருக்குத் தெரியும்; அவர்கள் எங்களைச் சுற்றித்தான் நின்றார்கள். செம்பை இரு கைகளாலும் பிடித்து, விளிம்பில் உதடு பதித்து, மெல்ல, நீண்ட நேரம் குடித்தார். குடித்து முடித்ததும் தலையைச் சற்றுக் குனிந்துகொண்டார். அடுத்து, மழையில் ஊறியிருந்த சேலைத் தலைப்பின் ஒரு மூலையைப் பிழிந்து, செம்பின் விளிம்பைச் சுற்றிவரத் துடைத்து, பின்னால் நின்ற முதியவரிடம் நீட்டினார்.